துரை தின்ற பச்சைக்கொட்டை

எங்கள் வீட்டு நாய்க்குத் தாடி இருந்தது. கல்யாணமாகி, கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரிக்காட்டு வீட்டில் நான் வண்டியை விட்டு இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது மாமியாரும் இல்லை, ஆரத்தித் தட்டும் இல்லை, அந்தத் தாடிதான். கிடாய்க்குத் தொங்குகிற மாதிரி இல்லை அது. முகவாயைச் சுற்றி, மீசையோடு சேர்ந்து, கம்பி கம்பியாக நின்றது. உடம்பெல்லாம் தேங்காய் நாரைச் சுருட்டி ஒட்டியதுபோல மயிர். முதுகில் மட்டும் கறுப்புக் கம்பளி போர்த்திய மாதிரி. தலையும் கால்களும் செம்மண் நிறம். என் தொடை உயரம் இருந்தது. குரைக்கவில்லை. என் சேலைக் கரையை ஒரு தரம் மோந்துவிட்டு, எனக்கும் வாசற்படிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது.

"துரை, தள்ளு. நம்ம வீட்டுப் பிள்ளைதான்," என்றார் மாமனார்.

அப்போதும் உடனே தள்ளவில்லை. இன்னொரு தரம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வழி விட்டது.

மாமனார் சமஸ்தானத்துக் காலத்தில் கண்மாய்களை அளக்க வந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரோடு காடு மேடெல்லாம் சுற்றியவர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அந்த வெள்ளைக்காரர் மூட்டை கட்டினார். போகும்போது ஒரு குட்டியை இவர் கையில் கொடுத்து, டெரியர் என்கிற ஜாதி, அதிலேயே பெரிய ஜாதி இது என்று சொன்னாராம். சின்ன டெரியர் எலி வளைக்குள் புகுந்து பிடிக்கும், இது வளையையே பெயர்த்துவிடும் என்றாராம். அவர் வைத்த பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. துரை கொடுத்த நாய் என்று ஆரம்பித்து, கடைசியில் துரை என்றே ஆகிவிட்டது.

மாமனாரின் தம்பி, எனக்குச் சின்ன மாமனார், வாசலில் வந்து உட்கார்ந்தால் அதை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டார்.

"துரையெல்லாம் கப்பலேறிப் போயாச்சு. இவரு ஒருத்தருதான் பாக்கி. இவருக்குப் பென்சன் கின்சன் வருதாண்ணே?"

"ஒன்னையமாதிரி சும்மா ஒக்காந்து திங்கல அது," என்பார் மாமனார்.

அது உண்மை. கடலை விளையும் காலத்தில் வயலில் எலி பிடிக்க அதைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வரப்பின்மேல் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்து மண்ணுக்குள் கேட்கும். பிறகு இரண்டு முன்னங்காலாலும் தோண்டினால் வாலும் பின்னங்காலும்தான் வெளியே தெரியும். எலியைக் கவ்வி ஒரே உதறு, அவ்வளவுதான். காட்டுப்பன்றி வந்தால் தனியாக நின்று மறிக்கும். முந்திரிக்காட்டில் யாராவது கொட்டை திருட வந்தால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மாமனார் வருகிற வரைக்கும் விடாது. வேட்டியைப் பிடிக்குமே தவிர ஆளைக் கடித்ததில்லை. என் நாத்தனார் அப்போது ஏழு வயதுப் பிள்ளை. அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாலே தொட்டிக்கும் அவளுக்கும் நடுவில் போய் நிற்கும். கண்மாயில் தண்ணீர் கிடக்கிற காலத்தில் யாருக்கும் முன்னால் அதுதான் குதிக்கும்.

வெயில் காலம் வருவதற்கு முன்னால் அதன் மயிரைக் கையால் பிடுங்கி விடவேண்டும், கத்தரி படக்கூடாது என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். மாமியார் அதை மடியில் போட்டுக்கொண்டு கோழிக்கு இறகு பிடுங்குவதுபோலப் பிடுங்குவார். தின்று முடித்ததும் தாடியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அது நாத்தனாரின் வேலை. இன்னொரு பழக்கத்தை மாமனாரே அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார். முந்திரிக் காலத்தில் திருட வருகிறவர்கள் கருவாட்டில் விஷம் தடவிப் போடுவார்கள். அதனால் தரையில் கிடப்பதை அது தொடாது, தட்டில் வைத்தாலும் தொடாது. வீட்டு ஆள் கையில் வைத்து நீட்டினால்தான் தின்னும். தண்ணீர் மட்டும் தொட்டியில் தானே குடித்துக்கொள்ளும்.

என் கையிலிருந்து அது ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை. தை மாதம் கல்யாணம். மாசி போய், பங்குனி போய், சித்திரையும் பிறந்துவிட்டது. நான் சோற்றை உருட்டி நீட்டினால் மோந்து பார்க்கும், பிறகு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"அது இன்னும் ஒன்னைய வீட்டு ஆளாச் சேக்கல," என்று மாமியார் சிரிப்பார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது தைத்தது. நான் அதிகம் வாய் திறக்காதவள். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்த வீட்டில் மருமகள் மாமனாருக்கு எதிரில் வருவதில்லை, பேசுவதும் இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரிடம் சொல்லவேண்டும், அவர் சொல்லுவார். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. ஆனால் ஒரு நாய்கூட என்னை ஏற்றுக்கொள்ளவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு குறை.

எனக்குப் பிறந்த ஊர் ஆவுடையார்கோவில் பக்கம். நெல்லும் கண்மாயும்தான் அங்கே. முந்திரி என்றால் பாயசத்தில் மிதக்கும் வெள்ளைப் பருப்பு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இங்கே வந்துதான் பழத்துக்கு அடியில் கொட்டை தொங்குவதைப் பார்த்தேன். பழத்தைத் திருகிக் கொட்டையை எடுக்கிற வேலைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். "கையில சாம்பலைப் பூசிக்க," என்றார் மாமியார். பூசிக்கொண்டேன். பிசுபிசுப்புக்குத்தான் என்று நினைத்தேன். அந்தக் கொட்டையின் தோலில் இருக்கிற பால் பட்டால் தோல் வெந்து பொத்துப்போகும் என்பது அந்த ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாதவள் ஒருத்தி இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு மத்தியானம். மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். நான் மரத்தடியில் இருந்தேன். துரை வந்து எதிரில் உட்கார்ந்தது. கொட்டையோடு ஒரு பழத்தை எடுத்து, வழக்கம்போல வேண்டாம் என்றுதான் போகும் என்று நினைத்துக்கொண்டே நீட்டினேன். மோந்தது. என்னைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து, என் விரல் படாமல், வாங்கிக்கொண்டது. பழத்தைச் சப்பி, கொட்டையையும் நறுக்கென்று கடித்துத் தின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. அடுத்ததை நீட்டினேன். அதையும் தின்றது. ஐந்து பழம் கொடுத்தேன், ஐந்தும் கொட்டையோடு. இடையில் ஒரு தரம் தலையை உதறியது, நாக்கை நக்கிக்கொண்டது. ஆனாலும் நான் நீட்டியதை மறுக்கவில்லை. அது தின்கிறதே என்று நானும் ஒரு பச்சைக்கொட்டையைப் பல்லில் வைத்துக் கடித்தேன். எங்கள் ஊரில் புளியங்கொட்டையைக் கடிக்கிற மாதிரி. கசப்பும் காரமுமாக என்னவோ பண்ணியது. துப்பிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தபோது என் கீழுதடு வீங்கி, ஓரத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. அப்போதுதான் எனக்குக் கொட்டையின் குணம் புரிந்தது. என்னை வண்டியேற்றும்போது என் தாயார், "புகுந்த வீட்டுல கேக்காம ஒரு பாக்குத் துண்டைக்கூட வாயில போடாத," என்று சொல்லி அனுப்பியிருந்தார். களத்தில் கிடந்த கொட்டையை எடுத்துத் தின்றாள் என்று ஒரு மருமகளை அந்தத் தெருவில் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தது வேறு என் காதில் விழுந்திருந்தது. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னடி எந்நேரமும் முந்தானையைக் கடிச்சுக்கிட்டே திரியுற?" என்றார் மாமியார்.

"பல்வலி அத்தை."

கிராம்பு கொடுத்தார். அதை வாயில் அடக்கினால் புண்ணில் நெருப்பு வைத்தது போல எரிந்தது. மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அன்றைக்குத் துரையும் கஞ்சியைத் தொடவில்லை. தாடியிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. காரணம் எனக்கு மட்டும் தெரியும். என் உதடு ஆறினால் அதன் வாயும் ஆறிவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

ஆறவில்லை. மூன்றாம் நாள் காலையில், நாத்தனார் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தாள். "வாய் ஒழுகுதுல்ல, இங்கிட்டு வா," என்று தாடியைப் பிடித்து இழுத்தாள். நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். துரை உறுமியது. அது வீட்டு ஆளைப் பார்த்து உறுமி நான் கேட்டதே இல்லை. அவள் விடவில்லை. அடுத்து ஒரு சத்தம்.

பிள்ளை அழவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் இரண்டு பல், இரத்தம் ஓடியது.

"அண்ணி, துரை கடிச்சிருச்சு," என்றாள், அதை நம்பாதவள் மாதிரி.

அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான் பக்கத்து ஊரில் வெறி பிடித்த நரி ஒன்று இரண்டு பேரையும் ஒரு பசுவையும் கடித்திருந்தது. அந்தப் பசு கத்திக் கத்திச் செத்ததை எங்கள் ஊரிலும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமியார் பிள்ளையின் கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவக் கழுவ அழுதார். என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள் என்பது ஊரெல்லாம் தெரிந்த சங்கதி.

மாமனார் காளைமாட்டுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனார். துரை தானாகவே கழுத்தை நீட்டியது. கிணற்றடி முந்திரி மரத்தில் கட்டினார். சின்ன மாமனார் துப்பாக்கியோடு வந்தார். பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி.

"தண்ணியை வச்சுப் பாத்துருவோம்ணே," என்றார்.

ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கழியால் தள்ளிவிட்டார்கள். துரை எழுந்து வந்தது. மூக்கை வைத்தது. நாக்கு தண்ணீரில் பட்டதும் ஊளையிட்டதுபோல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் துள்ளியது.

"பாத்தியா. கண்மாயில மொத ஆளாக் குதிக்கிற நாய். தண்ணியைக் கண்டு பயப்படுது. இதுக்கு மேல என்ன?"

மாமனார் கழியைக் கீழே போட்டார். பிறகு, "நான் பாக்கமாட்டேன். நீயே முடிச்சிரு," என்று சொல்லிவிட்டு, நாய்க்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அவர் பார்த்தது நான் நிற்கிற கதவைத்தான். உதட்டுக் கொப்புளம் உடைந்து முந்தானையில் ஒட்டியிருந்தது. சொல்லிவிட்டால் நாய் பிழைக்கும். ஆனால் நான் நினைப்பது தப்பாக இருந்தால்? அந்த நரி எங்கள் ஊர்ப் பக்கம் ஊளையிட்ட நாளில் துரை கண்மாய்ப் பக்கம் ஓடிவிட்டு வந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. உண்மையிலேயே வெறி பிடித்திருந்தால், என் பேச்சைக் கேட்டு அதை விட்டுவைத்து, இன்னொருவரைக் கடித்தால்? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் வாயில் போனதுதான் என் வாயிலும் போனது. சின்ன மாமனார் துப்பாக்கிக்குள் மருந்தை இடிக்கிற சத்தம் கேட்டது.

நான் வெளியே வந்தேன். அந்த வீட்டு ஆண்களுக்கு எதிரில் பகல் வெளிச்சத்தில் நான் நின்றதில்லை. மாமியார் பக்கத்தில் போய், முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். ஒட்டியிருந்த இடத்தில் தோலோடு வந்தது.

"என்னடி இது, ஒதடெல்லாம்?"

"கொட்டை அத்தை. பச்சைக்கொட்டை. நானும் கடிச்சேன். அதுக்கும் கொடுத்தேன்."

 சின்ன மாமனார் சிரித்தார்.

"நல்லாருக்கே. நாய் எங்கயாச்சும் கொட்டை திங்குமா? மோந்துட்டுப் போயிரும். இந்த ஊருல எந்த நாயி கொட்டையைத் தின்னுச்சு?"

"என் கையிலேர்ந்து தின்னுச்சு," என்றேன் மாமியாரிடம்.

"ஒன் கையிலேர்ந்து அது எதுவும் திங்காதேடி."

"அன்னைக்குத் தின்னுச்சு அத்தை."

மாமனார் என்னைப் பார்க்காமல் மாமியாரைப் பார்த்துக் கேட்டார். "எத்தனை கொட்டைன்னு கேளு."

நான் இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மாமியார் திரும்பி, "எத்தனை கொட்டை?" என்றார்.

"அஞ்சு."

"எப்பன்னு கேளு."

"முந்தாநேத்து மத்தியானம்."

"இவ்வளவு நேரம் ஏன் சொல்லலைன்னு கேளு."

மாமியார் அதை என்னிடம் கேட்கவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராம்பு கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

மாமனார் நாய் இருந்த பக்கம் போய், சங்கிலி எட்டாத தூரத்தில் குந்தி உட்கார்ந்தார். அது மூச்சிரைத்து வாயைத் திறக்கும்வரை காத்திருந்தார். நாக்கின் ஓரம் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

"வெறிக்கும் இப்புடி ஆகும்ணே," என்றார் சின்ன மாமனார். "மருமக ஒதட்டைப் பாத்து நாயை விட்டுட்டு, நாளைக்கு இன்னொரு பிள்ளையக் கடிச்சா யாரு பதில் சொல்றது?"

"பஸ்ஸு வாரவரைக்கும் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில என்ன சொன்னாகன்னு கேட்டுட்டுச் செய்வோம்."

சின்ன மாமனார் எதிர் மரத்தடியில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் சாப்பிடவில்லை. நான் கிணற்றுக் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே நின்றேன். உள்ளே போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. துரை தலையைக் காலில் வைத்துப் படுத்திருந்தது. ஈ வந்து தாடியில் மொய்த்தது. ஒவ்வொரு தரம் அது தலையைத் தூக்கும்போதும் சின்ன மாமனாரின் கை துப்பாக்கிக்குப் போகும்.

நாலு மணி பஸ்ஸில் என் வீட்டுக்காரர் வரவில்லை. பிள்ளையோடு டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, படியில் தொங்கிக்கொண்டே கூவினார்.

"நாயக் கொன்னுட்டீங்களா?"

"இல்ல," என்றார் மாமனார்.

"கொல்லாதீகன்னு சொல்லச் சொன்னாக. கட்டிப்போட்டுப் பத்து நாள் பாக்கணுமாம். ஊசி தெனம் போடுவாகளாம். பத்தாம் நாளு நாய் நல்லா இருந்துச்சுன்னா ஊசியை நிப்பாட்டிரலாமாம். கொன்னுட்டா ஒண்ணும் தெரியாது, பதினாலும் போட்டே ஆகணுமாம்."

சின்ன மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து நின்றார். "சரித்தா. பத்து நாளைக்கு ஒங்க துரைக்கு நீதான் காவல்," என்றார். குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் அது வேலையாகவே என் தலையில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் பார்த்ததை மாமியாரிடம் சொல்ல, அவர் மாமனாரிடம் சொல்ல, மாமனார் கண்டக்டரிடம் சொல்ல, கண்டக்டர் டவுன் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொல்லுவார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் துரை சங்கதி தெரிந்துவிட்டது. ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "தண்ணி குடிச்சிருச்சா?" என்று கேட்பார்கள்.

கட்டிப்போட்டு மூன்றாம் நாள் வரைக்கும் குடிக்கவில்லை. கண்டக்டர், "பிள்ளைக்கு வயிறு வீங்கிக் கெடக்கு, பாவம், குனியக்கூட முடியலயாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன்.

நாலாம் நாள் காலையில் துரை எழுந்து சட்டிக்குப் போனது. நாக்கின் நுனியால் தொட்டது. நிறுத்தியது. திரும்பத் தொட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நக்கிக் குடித்தது. நான் மாமியாரைக் கூப்பிடக்கூட மறந்து நின்றேன்.

ஆனால் கஞ்சியைத் தொடவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு, ஆறவைத்து, கழியால் தள்ளிவிடுகிறோம். மோந்து பார்க்கிறது, திரும்பிப் படுத்துக்கொள்கிறது. ஐந்தாம் நாளும் அப்படியே. விலா எலும்பு அந்த மயிருக்குள்ளும் தெரிய ஆரம்பித்தது. எழுந்தால் பின்னங்கால் தள்ளாடியது. வெறி முற்றினால் இரை எடுக்காது, பின்னங்கால் விழும் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொன்னார்கள். சின்ன மாமனார் மறுபடியும் துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எல, இது வெறி இல்ல," என்று மாமனார் திடீரென்று சொன்னார். "நாமதான் புத்தி கெட்டுப்போனோம். தரையில இருக்கறதை அது என்னைக்குத் தின்னுச்சு? கையில கொடுத்தாத்தான திங்கும்."

எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம்தான். பயத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வந்த பிறகும் நிம்மதி இல்லை. தின்னாதது பழக்கத்தாலா, நோயாலா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கையைத் துரை கடித்தால்?

மாமனார் சோற்றைப் பிசைந்து உருட்டினார். மாமியார் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். "போகாதீக. பிள்ளை ஒண்ணு அங்க கெடக்கு. நீங்களுமா?"

"நான் கொடுக்கிறேன் மாமா," என்றேன்.

அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. எப்படி வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார்.

போனேன். சின்ன மாமனார் துப்பாக்கியைத் தூக்கியது ஓரக்கண்ணில் தெரிந்தது. சங்கிலி எட்டுகிற இடத்துக்குள் போய்க் குந்தினேன். துரை எழுந்து வந்தது. அதன் மூச்சு என் விரலில் பட்டது. புண்ணின் நாற்றம் அடித்தது. உள்ளங்கையை மோந்தது, விரல் விரலாக மோந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாக, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். ஓரடி பின்னால் போனது.

"பாத்தியாண்ணே. திங்கல," என்றார் சின்ன மாமனார்.

மாமனார் மாமியாரின் கையை விலக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினார். என் கையிலிருந்த அதே உருண்டையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். துரை வாலை ஆட்டியது. உதட்டை விரித்து, பல் படாமல், மெதுவாக, பாதி பாதியாகத் தின்றது. வலியில் ஒரு தரம் முனகியது, ஆனாலும் தின்றது.

"துப்பாக்கியைக் கீழ போடுறா," என்றார் மாமனார், திரும்பாமல். "வெறி பிடிச்ச நாய்க்கு ஆள் தெரியாது. இதுக்கு யாரு கைன்னு தெரியுது." பிறகு என்னிடம், "நீ உள்ள போத்தா, போயி ஒதட்டுக்கு எண்ணெய் போடு," என்றார். மாமியார் வழியாகச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் அது காளைமாட்டுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு கிணற்றடியில் எலி வளையைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஊசியைப் பத்தோடு நிறுத்தினார்கள். நாத்தனார் பஸ்ஸிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நேரே அதனிடம் போய், "ஒன்னால எனக்குப் பத்து," என்றாள். துரை தாடியை நீட்டியது. அவள் பாவாடையாலேயே துடைத்துவிட்டாள். யார் கொடுத்த கொட்டை என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் பாயசம் பரிமாறினாலும், "அண்ணி, எனக்குப் போட்ட பத்து ஊசிக்கும் பத்துப் பருப்பு எடுத்து வைங்க," என்று பந்தியில் எல்லோர் காதிலும் விழச் சொல்லுவாள்.

துரை அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தது. என் முதல் பெண் தொட்டிலில் கிடந்தபோது தொட்டிலுக்கு அடியில்தான் படுக்கும். அவள் தவழ்ந்து வாசலைத் தாண்டினால் உடம்பை வைத்து மறித்துக்கொண்டு நிற்கும். நான் களத்துக்குப் போனால் கூடவே வரும், நான் உட்கார்ந்தால் உட்காரும். பகையென்று ஒன்றும் இல்லை. என் கையிலிருந்து மட்டும் எதையும் வாங்கவில்லை.

ஒரு தரம் வீட்டில் எல்லோரும் ஆலங்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நானும் பெண்ணும் துரையும்தான். அதற்குக் கிழடு தட்டி, தாடியெல்லாம் நரைத்திருந்தது. முதல் நாள் முழுக்க நான் நீட்டி நீட்டிப் பார்த்தேன். மோந்துவிட்டுத் திருப்பிக்கொண்டது. பட்டினி கிடந்தது. மறுநாள் காலையில் என் மூன்று வயதுப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் உள்ளங்கையில் சோற்றை வைத்து, அவள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டு நீட்டினேன். துரை முதலில் அவளைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து தின்றது. அவள் கூசிச் சிரித்தாள். அதன் ஈரத் தாடி என் விரல்களில் உரசிக்கொண்டே இருந்தது. சோறு தீருகிறவரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.